மெரூன் பூச்சுக்கு அடியில்

நூலைப் பல்லில் கடித்தபடியே பேசுவதில் பார்லர் அக்காவை மிஞ்ச ஆள் கிடையாது. புருவம் திருத்தும்போதுதான் அவருக்கு ஊர்க்கதையெல்லாம் ஞாபகம் வரும். "கண்ணை மூடுடி, அப்படியே வாயையும் மூடு. பேசறதுக்குத்தான் நான் இருக்கேன்ல?" நாற்காலியில் சாய்ந்திருப்பவள் கண்ணில் நீர் வழிய, சிரிக்கவும் முடியாமல் கிடப்பாள்.

தலைக்கு டை பூசும்போது கையுறை போடமாட்டார். "முடி கைக்குப் பிடிபடாதுடி" என்பார். அதனால் நகங்களில் கறை ஏறாத நாளே இல்லை. அதை மறைக்கப் பத்து விரலிலும் மெரூன் நகப்பூச்சு. உரிந்தால் அதன் மேலேயே இன்னொரு பூச்சு.

பூச்சு உரிந்திருந்த வலது கட்டைவிரல் நகத்தில் கறுப்பாக ஒரு கோடு தெரிந்தபோது, பஸ் டிரைவரான கணவர் பார்த்துவிட்டுக் கேட்டார். "டைங்க. வருஷக்கணக்கா அதுலயே ஊறுற விரல், பின்ன வெள்ளையாவா இருக்கும்?" என்று அக்கா அதன் மேலேயே பூச்சை ஓர் இழுப்பு இழுத்தார். கறை என்றால் நகம் வளர வளர நகர்ந்து, வெட்டும்போது போயிருக்க வேண்டாமா? ஊரார் நகத்தையெல்லாம் துடைத்துப் பார்க்கிறவருக்குத் தன் நகத்தை ஒருமுறை துடைத்துப் பார்க்கத் தோன்றவில்லை. பாவி மனுஷி!

ஒருநாள் அந்த நகம் பிளந்து, வாடிக்கைப் பெண்ணின் கன்னத்தில் ரத்தம் சொட்டியது. அன்றுதான் பூச்சைத் துடைத்தார். கோடு அகன்று, நகத்தைத் தாண்டித் தோலிலும் கறுப்பு கசிந்திருந்தது.

"தோல் கேன்சர்ம்மா. நகத்துக்கடியிலயும் வரும். முன்னாடியே காட்டியிருந்தா விரலைக் காப்பாத்தியிருக்கலாம்" என்றார் டாக்டர்.

கட்டைவிரலில் பாதி போயிற்று. நூல் பிடிக்குள் நிற்பதில்லை. கடையைத் திறக்கிறார், வாயைத்தான் திறப்பதில்லை.

மாதம் ஒருமுறை உடம்பு முழுக்கப் பார்க்க வேண்டும், முதுகு, உள்ளங்கால், விரலிடுக்கு எதையும் விடக்கூடாது என்பது டாக்டர் உத்தரவு. மறுபடி எங்காவது தலைகாட்டினால் விரலோடு போகாது, உயிருக்கே உலை வைத்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமை காலை, கணவர் தரையில் உட்கார்ந்து போன் டார்ச்சைப் போட்டார். "காலை நீட்டு."

"ஐயோ, உங்க மடியிலயா? வேணாங்க."

"ஊரு காலெல்லாம் உன் மடியில. உன் காலு என் மடிக்கு ஆகாதா?"

கூசிக்கொண்டே நீட்டினார். வெளிச்சம் ஒவ்வொரு விரலாக நகர்ந்து, சுண்டுவிரல் இடுக்கில் நின்றது. மிளகளவு கறுப்பு.

"இது முன்னாடியே இருந்துச்சா?"

அக்காவுக்குத் தெரியவில்லை. இத்தனை வருஷம் கூடவே குடித்தனம் செய்த கணவருக்கும் தெரியவில்லை. இரண்டு பேருமே அந்த இடத்தை இதற்குமுன் பார்த்ததில்லை.

கணவர் சட்டை நுனியை எச்சிலில் நனைத்துத் தேய்த்துப் பார்த்தார். பிறகு இன்னும் கொஞ்சம் அழுத்தித் தேய்த்தார்.