வாடகைக் கர்னல்

மீசையின் வலப்பக்கத்தைச் சீவி முடித்து இடப்பக்கத்துக்கு வந்தபோதுதான் தேநீர் ஆறிப்போனது எலியோதோரோவுக்குத் தெரிந்தது. சுடவைத்துத் தர ஆளில்லை. மனைவி ரொசால்பா தன் கோப்பையோடு அடுப்படிக்குப் போய்விட்டாள். குரல் மட்டும் வந்தது: "கர்னலோட ஒரே மேசையில தின்ன எனக்கு வயிறு பழகல, கிழவா."

சிலி நாட்டுத் துறைமுக நகரமான வால்பரைசோவின் மலைச்சரிவுகளில் ஆயுசில் பாதியை பஸ் ஓட்டியே கழித்தவர். ஹாரன் அடித்தால் நாய்கூட விலகாது. ஓய்வுபெற்ற பிறகு வேறு வேலையில்லாமல் வளர்த்த மீசை அவரைச் சினிமாவில் சேர்த்துவிட்டது. ராணுவ ஆட்சிக் காலத்து ராணுவப் பள்ளி ஒன்றின் மாணவர்களைப் பற்றிய படம். இவர் பள்ளித் தலைவரான கர்னல். வசனம் கிடையாது, முறைத்தால் போதும். அதற்கும் வக்கில்லை. மாணவனை முறைக்கச் சொன்னால் அவன் காலரைச் சரிசெய்துவிட்டு, "சாப்டியாப்பா?" என்பார்.

இயக்குநர் ஹிமேனா தலையில் கைவைத்துக்கொள்வாள். "மாமா, நீங்க அவனப் பள்ளிக்கூடத்த விட்டுத் தொரத்துறீங்க."

"தொரத்துறதுன்னா பட்டினியாவா தொரத்தணும்?"

சீருடை உடம்பில் படியட்டும் என்று அதோடு தெருவில் நடக்கச் சொன்னார்கள். அங்கேதான் அதிசயம். ரொட்டிக்கடை வரிசை தானாக வழிவிட்டது. "பிரேக் இல்லாதவனே" என்று மட்டுமே கூப்பிட்டுவந்த மீன்காரர் லூசிந்தோ, "வாங்க சார்" என்றார். எலியோதோரோ விஞ்ஞானியைப்போல ஆராய்ந்தார். தொப்பியைக் கழற்றினால் வசவு திரும்பியது. போட்டால் 'சார்' திரும்பினார். ஆராய்ச்சி ருசித்ததை மறைப்பானேன்? மறுநாள் தேவையில்லாத ரொட்டிக்கும் வரிசைக்குப் போனார்.

ரொசால்பாவுக்கு ருசிக்கவில்லை. அவள் தம்பி நெல்சன் அப்படியொரு பள்ளியில் படித்தவன். சக மாணவனை அடிக்கச் சொன்னார்கள், மறுத்தான். வீடு திரும்பவில்லை.

"படமே அவன மாதிரிப் பசங்களப் பத்தினதுதான், கிழவி."

"அப்ப அவன் வேஷத்தப் போடு. கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசைன்னா நடக்காது."

கல்யாணமானதிலிருந்து ஒரே ரொட்டியைப் பிட்டுத் தின்றவர்கள். பழக்கதோஷத்தில் அவர் இப்போதும் இரண்டாகப் பிட்டார். மறுபாதி மேசையில் காய்ந்தது. இனி எப்போதுமே காயுமோ என்ற பயம் மீசைக்குக் கீழே உறுத்தியது.

கடைசி நாள் அணிவகுப்புக் காட்சி. மாணவர்களின் தாய் தகப்பன்களாக மலைச்சரிவு ஜனங்களையே அழைத்திருந்தார்கள். மதியம் சாப்பாட்டுக் கூடாரத்துக்குள் எலியோதோரோ பதக்கங்கள் குலுங்க நுழைந்தார். கரண்டிச் சத்தம் நின்றது. அந்த ஆட்சியைப் பார்த்த, தலை நரைத்தவர்கள் அத்தனை பேரும் எழுந்து நின்றார்கள். அங்கே கேமரா இல்லை, யாரும் சொல்லவுமில்லை. லூசிந்தோ சூப் கிண்ணத்தை வைத்துவிட்டுக் கைகளை உடம்போடு ஒட்டிவைத்துக்கொண்டார்.

ஆராய்ச்சி அந்த இடத்தில் கசந்தது.

ஒருத்தி மட்டும் எழவில்லை. தாய் வேடத்துக்குச் சொல்லாமல் கொள்ளாமல் பெயர் கொடுத்திருந்த ரொசால்பா, ரொட்டியைக் கையில் வைத்தபடி கேட்டாள்: "நானும் எந்திரிக்கணுமா, கர்னல்?"

எலியோதோரோ தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கினார். குதிகால்களைச் சேர்த்து, நெஞ்சை நிமிர்த்தி, திட்டு வாங்கக் காத்திருக்கும் மாணவனாக அவள் முன்னால் விறைத்து நின்றார். மீசை மட்டும் கட்டளைக்கு அடங்காமல் ஆடியது.

ரொசால்பா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு எதிர் நாற்காலியைக் காலால் வெளியே தள்ளினாள்.