சுவர் டைல்ஸும் குளியலறைத் தரையும்

சுவர் டைல்ஸைத் தரைக்கும் போடச் சொன்ன கடைக்காரர் தெரியாமல் சொன்னாரா, தெரிந்தே என் தலையில் கட்டினாரா?

காரிமங்கலத்தில் நாங்கள் கட்டிய வீட்டின் சமையலறை, குளியலறைச் சுவர்களுக்கு வெள்ளை டைல்ஸ் தேர்ந்தெடுத்தேன். "குளியலறைத் தரைக்கும் இதையே போடலாமா?" என்று கேட்டேன்.

"தாராளமா போடுங்கம்மா, கண்ணாடியாட்டம் இருக்கும்" என்றார்.

குடிபோன வாரமே மகள் அதில் வழுக்கி விழுந்தாள்; மோவாயில் தையல் போட்டார்கள். கேட்கப் போனால், "புள்ளைய ஒழுங்கா பாத்துக்காம டைல்ஸ கொற சொல்றீங்களே!" என்று எல்லார் முன்னும் சிரித்தார். என் கவனக்குறைவுதானோ என்று இன்றும் குழம்புகிறேன்.

ஆனால் இப்போது தெரிந்தவர் யார் வீடு கட்டினாலும் அந்தக் கடைக்கு நானே அழைத்துப் போகிறேன். டைல்ஸில் தண்ணீர் ஊற்றி, காலால் தேய்த்துப் பார்க்கச் சொல்கிறேன். மகளின் தழும்பையும் காட்டுகிறேன். வாங்காமல் திரும்புகிறார்கள். கடைக்காரர் முகம் சுண்டுவதைப் பார்த்தால்தான் மனம் ஆறுகிறது.

"போதும் வுடு, அவரும் புள்ளகுட்டிக்காரரு" என்கிறார் கணவர். வாசகிகளே, நிறுத்தத்தான் வேண்டுமா?