கைப்பிடி இல்லாத நாற்காலி

என் வீட்டுக்காரர் குஜிலியம்பாறை பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். வண்டி எவ்வளவு குலுங்கினாலும் கம்பியைப் பிடிக்க மாட்டார். கூட்டத்துக்கு நடுவில் காலை அகட்டி நின்றுகொண்டு டிக்கெட் கிழிப்பார். அந்தத் திமிரைப் பார்த்துத்தான் கட்டிக்கொண்டேன் என்று சொன்னால் இப்போதும் சிரிப்பார்.

நுரையீரலில் வந்த நோய்க்கு ஸ்டீராய்டு மாத்திரை ஆரம்பித்து இரண்டு வருஷம் ஆகிறது. மூச்சு சீரானது. முகம் உப்பியது, பார்த்தவர்கள் எல்லாம் "ஆளு தேறிட்டாப்ல" என்றார்கள். தொடை இளைத்துக்கொண்டே போனதை வேட்டி மறைத்துவிட்டது.

பிசியோதெரபி பார்க்கிற பெண்தான் டேப்பை வைத்துத் தொடையை அளந்தாள். மாத்திரை தசையைக் கரைக்கிறது, நாமாக நிறுத்தவும் கூடாது, சாப்பாட்டிலும் பயிற்சியிலும்தான் ஈடுகட்ட வேண்டும் என்றாள். தினமும் முட்டை, மீன், பயறு. கைப்பிடி இல்லாத நாற்காலியில் உட்கார்ந்து, கையை நெஞ்சோடு கட்டிக்கொண்டு பத்துத் தடவை எழுந்திருக்க வேண்டும். முதலில் மூன்றுதான் முடிந்தது. நாலைந்து மாதத்தில் பத்தைத் தொட்டார். பத்தாவது முடிந்ததும் வாயாலேயே விசில் அடிப்பார், பஸ் கிளம்பலாம் என்று.

அதோடு விட்டிருக்கலாம். எனக்குத்தான் ஆசை அடங்கவில்லை. அவர் முழுசாகத் தேற வேண்டும் என்று மார்கழியில் பழனிக்கு மாலை போட்டேன். எங்கள் வீடுகளில் ஒருத்தர் மாலை போட்டால் அடுப்படிக்குள் முட்டை வராது. "நான் வெளிய சாப்டுக்கிறேன்" என்றார்.

"விரதமே உங்களுக்காகத்தான் இருக்கேன். வாயக் கட்ட முடியாதா?" என்று சீறினேன்.

முட்டைக்குப் பதிலாக வேறு என்ன கொடுப்பது என்று யோசிக்கவே இல்லை. விடிந்தால் கோயில், அப்புறம் பாதயாத்திரைக்காக நடைப் பழக்கம். பக்கத்தில் நிற்க எனக்கு நேரமில்லை. தனியாக எழுந்து விழுந்துவிடக் கூடாதே என்று, "கொஞ்ச நாளைக்குப் பேசாம படுங்க, முருகன் பாத்துக்கிருவான்" என்று சொல்லி நாற்காலியை மூலையில் தள்ளிவிட்டேன். அதன்மேல் துணி குவிந்தது.

தைப்பூசத்துக்கு நடந்தே போய் மலையேறி, விபூதியும் பஞ்சாமிர்தமுமாகத் திரும்பினேன். விபூதியை நின்று வாங்க வேண்டும் என்று கட்டிலிலிருந்து எழப் பார்த்தார். இடுப்பு ஒரு சாண் உயர்ந்தது, திரும்ப உட்கார்ந்துவிட்டார். மறுபடியும் முயன்றார். கடைசியில் உட்கார்ந்தபடியே நெற்றியைக் காட்டினார்.

அப்புறம் வீங்கிப்போன என் காலை மடியில் எடுத்து வைத்து எண்ணெய் தேய்த்துவிட்டார். நடந்து நடந்து கெண்டைக்கால் கெட்டிப்பட்டிருந்தது. அழுத்திப் பார்த்துவிட்டு, "எனக்காக நடந்த. ஒனக்குல்ல சதை ஒட்டியிருக்கு" என்றார். கேலிதான்.

அந்தப் பெண் மறுபடி டேப்பை வைத்தபோது திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. முதல் நாள் அளந்ததைவிடக் குறைந்திருக்கிறது, போனதெல்லாம் திரும்புமா என்று சொல்ல முடியாது என்றாள்.

இன்று காலை முட்டை அவித்துக் கொடுத்துவிட்டு நாற்காலியை எடுத்துப் போட்டேன். இரண்டு தடவை எழுந்தார். மூன்றாவதில் தொடை நடுங்கியது. என்னைப் பார்த்தார். கீழே சாய்ந்தால் ஒழியத் தூக்கிவிடக் கூடாது என்று அந்தப் பெண் எனக்குப் போட்ட உத்தரவு. கண்ணில் நீர் வழிய, இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் இறுக்கிக் கட்டிக்கொண்டு நின்றேன். ஓடுகிற பஸ்ஸில் கம்பியைப் பிடிக்காத மனுஷன், பாதி எழுந்த நிலையில், பிடிக்க ஏதாவது கிடைக்குமா என்று கையை நீட்டினார்.