பொண்டாட்டிதாசன்

சவுரிமுத்து முப்பது வருஷமாகக் கோவளத்தில் கடலுக்குப் போகிறவர். அவர் கொண்டுவரும் மீனை அன்னக்கூடையில் சுமந்து, பஸ் ஏறி, அஸ்தினாபுரத் தெருக்களில் விற்று வந்தது அவருடைய மனைவி ஹில்டா. போன ஆடியில் ஈர மணலில் சறுக்கி விழுந்ததில் அவளுக்கு இடுப்பெலும்பு முறிந்தது. எழுந்து நடந்தாலும் இனிமேல் பாரம் தூக்கவே கூடாது என்று சொல்லிவிட்டார் டாக்டர்.

சவுரிமுத்து யாரிடமும் யோசனை கேட்கவில்லை. அடுத்த வாரமே, படகைக் கரையேற்றிய கையோடு அன்னக்கூடையைத் தலையில் தூக்கி வைத்தார். அந்தக் குப்பத்து ஆம்பிளைகள் யாரும் தெருவில் கூவி மீன் விற்றதில்லை.

"இன்னா பொண்டாட்டிதாசா, கெளம்பிட்டியா?" என்று கூட்டாளி அப்பாதுரை எல்லாருக்கும் கேட்கிற மாதிரி கத்தினார். கரையே சிரித்தது.

மனைவிமேல் அளவுக்கு மீறிப் பற்று வைத்தவன் என்று அந்த வார்த்தைக்கு அர்த்தம். ஆனால், முதுகெலும்பில்லாதவன் என்று சொல்லத்தான் அதைப் பயன்படுத்துவார்கள்.

சவுரிமுத்து திரும்பி நின்றார்.

"முப்பது வருஷமா எனுக்கு ஆக்கிப் போட்டு, என் மீனையும் சுமந்துகினு போச்சே ஹில்டா, அதுக்கு இன்னா பேரு வெச்சீங்க?"

அப்பாதுரை விழித்தார். "அதுக்கு இன்னா பேரு? பொண்டாட்டிதான்."

"நான் ஒரு நாளு தூக்குனா தாசனா? சரி, அப்டியே கூப்புடு. பேரு நல்லாத்தான் கீது."

வீறாப்பாகச் சொல்லிவிட்டாரே தவிர, முதல் வாரம் படு பேஜார். கூவ வாய் எழவில்லை. சங்கரா மீனை ஆயும்போது விரலை அறுத்துக்கொண்டார். ராத்திரி கட்டுப்போட்ட விரலைப் பார்த்து ஹில்டா அழுதாள்.

"கரையில உன்ன ஒரு மாதிரி பேசுறாங்களாமேய்யா?"

"பேசுறாங்க. நீ மாத்திரை போட்டியா?"

தை பிறந்ததும் ஹில்டா ஊன்றுகோலோடு கூடவே கிளம்பினாள். விலை பேசுவது அவள், ஆய்ந்து கொடுப்பது அவர் என்று ஆனது. ஒருநாள், வாடிக்கைக்காரி ஜாஸ்மின் அவர் செதில் சுரண்டும் வேகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"இப்படி ஒருத்தர் கிடைக்க நீங்க கொடுத்து வெச்சிருக்கணும், அக்கா."

ஹில்டா நண்டைப் பையில் போட்டபடியே சொன்னாள்:

"அவரும்தாம்மா."