தாங்கி இருந்த உயரம்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் மெல்பேர்ணில் நாங்கள் வாங்கிய மாடிவீடு பழையது. பொயிலரில் சூடாகும் தண்ணீர் குழாய் வழியே ஓடி, அறைக்கு அறை நின்ற இரும்பு ரேடியேட்டர்களைச் சூடாக்கும். குழாய்களில் தண்ணீர் குறையாமலிருக்கக் கூரைக்குள் ஒரு சின்னத் தண்ணீர்த் தொட்டி, எங்கள் பேச்சில் தாங்கி. யாழ்ப்பாணத்தில் பத்து வருஷம் ஊர்களுக்குத் தண்ணீர் கொடுத்த எஞ்சினியர் நான். அந்தக் குழாய்களைப் பார்த்துத்தான் வீட்டின் மேலேயே ஆசை வந்தது.

கெடுத்ததும் நான்தான். மாடியில் ஒரு சின்ன அறையைச் சாமி அறையாக்கியிருந்தோம், தலைக்கு மேல் யாரும் நடமாடாத இடம் என்று. ஒரு நாள் கூரைக்குள் ஏறிப் பார்த்தால், தாங்கி நேரே சாமி அறைக்கு மேலே இருந்தது. துருத் தண்ணீர், அதில் ஒரு செத்த எலி. இந்த ஊத்தைக்குக் கீழேயா இத்தனை நாள் விளக்குக் கொளுத்தினோம் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"எலியை எடுத்துப்போட்டுக் கழுவி விடுங்கோவன்," என்றாள் மனைவி.

நான் கேட்கவில்லை. தாங்கியை இறக்கி, சாமி அறைச் சுவருக்கு மறுபக்கம் இருந்த அலுமாரிக்குள் வைத்துக் குழாய்களைப் பொருத்தினேன். சாமிப் படங்களை விட உயரத்தில் எந்தத் தண்ணீரும் நிற்கக் கூடாது என்று அடித்தட்டிலேயே வைத்தேன். முழங்கால் உயரம்கூட வராது.

அது மனைவிக்கு முக்கியமான குளிர்காலம். ஊரில் டொக்டராக இருந்தவள். இங்கேயும் டொக்டராக வேலை செய்ய ஒரு சோதனை பாஸ் பண்ண வேண்டும். மாடி முன்னறையில் மேசை போட்டுப் படித்துக்கொண்டிருந்தாள். அந்த அறை ரேடியேட்டரின் மேல்பாதி குளிர்ந்து போயிற்று. கோட்டும் இரண்டு சோடிக் காலுறையுமாக, விரல்களை ஊதி ஊதிப் பக்கம் புரட்டினாள்.

"இது சூடாகுதில்லையப்பா."

"நீர் கதவைத் திறந்து வைச்சால் எப்படிச் சூடாகும்?"

இப்படி ஒரு வாரம் போய், இரண்டாம் கிழமை, காற்று அடைத்திருக்கும் என்று ரேடியேட்டரின் மேல்மூலைத் திருகைத் திறந்தேன். சிக்கிய காற்று சீறிக்கொண்டு வெளியே வர வேண்டும். வரவில்லை. விரலை வைத்தேன், வெளிக்காற்றை அது உள்ளே இழுத்தது. எனக்கு உடனே விளங்கிவிட்டது. தாங்கி நிற்கும் உயரத்துக்கு மேலே தண்ணீர் நிற்காது. இதை எத்தனை ஊர்க் கூட்டங்களில் நானே விளங்கப்படுத்தியிருக்கிறேன். திறந்ததால் காற்று புகுந்து தண்ணீர் இன்னும் இறங்க, இருந்த கொஞ்ச நஞ்சச் சூடும் போயிற்று.

கூரைக்குள் வேறொரு மூலையில் தாங்கியை ஏற்றியிருக்கலாம். ஒரு சனிக்கிழமை வேலை. ஏற்றினால் பிழை என்னுடையது என்று சொல்ல வேண்டும். "பொயிலர் பழசு," என்று சொல்லிவிட்டு, ஒரு சின்னக் கரண்ட் ஹீட்டரை வாங்கி அவள் காலடியில் வைத்தேன். அது காலை மட்டும் சுட்டது. ஞாயிறு தோறும் திருத்துவதுபோல ஒரு குறடோடு மாடிக்குப் போய் வந்தேன். அவள் நம்பினாள். இன்றைக்கும் நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

சோதனை பிழைத்துவிட்டது, கொஞ்சப் புள்ளிகளால் பெயில். கடிதத்தைக் குசினியில் அடுப்புப் பக்கம் நின்று வாசித்து, மடித்து வைத்தாள். "கேள்வியள் கஷ்டம்," என்றாள். அப்போதுதான் என்னால் தாங்க முடியாமல் எல்லாவற்றையும் சொன்னேன்.

"எப்ப தெரியும் உங்களுக்கு?"

"ரெண்டாம் கிழமையே."

அவள் சண்டை பிடிக்கவில்லை. பிடித்திருந்தாலாவது எனக்கு மனம் ஆறியிருக்கும்.

அந்தச் சனிக்கிழமையே தாங்கியை மேலே ஏற்றினேன். பின்னேரத்துக்குள் மாடி முழுக்கச் சூடு. இறங்கி வந்தபோது அவள் புத்தகங்கள் எல்லாம் குசினி மேசையில் இருந்தன. வெங்காயக் கூடையைத் தள்ளி வைத்துவிட்டுப் படித்துக்கொண்டிருந்தாள். அடுத்த வருஷம் அந்த மேசையிலிருந்து படித்துத்தான் பாஸ் பண்ணினாள்.

"மேலை இப்ப நல்ல சூடு," என்று தாங்கியை ஏற்றிய அன்றைக்குச் சொன்னேன்.

"ஓம், தெரியும்," என்றாள். கதிரையை விட்டு எழும்பவில்லை.