நாலாம் நம்பர் ராடு

கித்தியோனே எஞ்சினின் வயிற்றுக்குள் தோள்வரை நுழைந்திருந்தபோதுதான் அந்தச் சத்தம் கேட்டது. இரும்பில் இரும்பு தட்டும் சத்தம். மூன்று தட்டல். பிறகு ஒன்றுமில்லை.

ஸ்பேனரை அப்படியே நிறுத்தினான். கிராங்க் கேஸின் சுவர்களில் எண்ணெய் சொட்டிக்கொண்டிருந்தது. கைவிளக்கின் மஞ்சள் வெளிச்சத்தில் தன் மூச்சே திரும்பி வந்து முகத்தில் மோதியது.

"லைசானி, மேல எதைத் தட்டுற?"

"நான் எங்க தட்டுறேன்? செயினைப் பிடிச்சுக்கிட்டு மழைய வேடிக்கை பாக்குறேன்" என்றாள் மேலேயிருந்து லைசானி. பத்து வருடமாக அவனோடு ஜோடியாக வேலை செய்கிற ஃபிட்டர். "ஏண்ணே, உள்ளே யாராச்சும் குடியிருக்காங்களா?"

அவன் சட்டைப் பையைத் தடவிப் பார்த்தான். ஸ்டார்ட் செய்யும் காற்று வால்வைப் பூட்டி, சாவியைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டுதான் உள்ளே நுழைந்திருந்தான். சிலிண்டர் ஹெட்டைக் கழற்றி முந்தாநாளே தரையில் இறக்கியாகிவிட்டது. மூன்று நாளாகச் செத்துக் கிடக்கும் எஞ்சின் அது.

காலையில் கப்பலின் எண்ணெய்க்காரன் சொன்னது நினைவுக்கு வந்தது. "நாலாம் நம்பர் சிலிண்டர் கொஞ்சம் ஒரு மாதிரிண்ணே. ஓடும்போது நல்ல பிள்ளை. நிக்கும்போதுதான் தட்டும்."

கித்தியோனே சிரித்துவிட்டு வந்திருந்தான். சுவாத் துறைமுகத்தின் வாலு பே கப்பல் பட்டறையில் முப்பத்திரண்டு வருடம். தீவு தீவாக ஆளையும் சரக்கையும் ஏற்றித் திரியும் கப்பல்களில் அவன் பிஸ்டன் இழுக்காத கப்பல் குறைவு. இந்தத் 'தோவுத்தோ' அந்தக் குறைவில் ஒன்று. அதன் சீஃப் எஞ்சினியர் ஃபெசாய்து, ரொதுமா தீவுக்காரர், நாலாம் நம்பரை யாரையும் தொட விடமாட்டார். மற்ற ஐந்தையும் பட்டறை ஆட்கள் பார்ப்பார்கள். அதை மட்டும் நடுக்கடலிலோ வெளித்துறைமுகத்திலோ தானே தனியாகப் பிரித்துப் பூட்டிவிடுவார். இந்த வருடம் இரண்டு கண்ணிலும் புரை விழுந்துவிட்டது. வேறு வழியில்லாமல் நாலாம் நம்பரும் பட்டறை ஆட்களிடம் வந்து சேர்ந்தது.

கடைசி நட்டும் கழன்றது. பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் ராடின் அடிமூடியை இரண்டு கையாலும் தாங்கி மெல்ல இறக்கினான். அப்போது, பிடிப்பு விட்டுப்போன ராடு, யாரும் தொடாமலே, அவன் முகத்தை நோக்கி ஒரு விரற்கடை அசைந்து வந்து நின்றது. கப்பல் ஆடியிருக்கும் என்று நினைத்துக்கொண்டான். கப்பல் தண்ணீரில் இல்லை, கரையேற்றிக் கட்டையில் நிற்கிறது என்பது அடுத்த நொடிதான் உறைத்தது.

"தூக்கு" என்றான்.

லைசானி செயினை இழுத்தாள். பிஸ்டன் லைனருக்குள் அங்குலம் அங்குலமாக ஏறியது. கடைசி ரிங் வெளியே வந்தபோது, வெகுநேரம் அடக்கிவைத்த மூச்சை யாரோ விட்டதுபோல ஒரு நீண்ட ஓசை. அவன் எத்தனையோ பிஸ்டன் இழுத்திருக்கிறான். அந்த ஓசையைக் கேட்டதில்லை. லைசானியின் கேலியும் அதோடு நின்றுபோனது.

மரக்கட்டைமேல் படுக்கவைத்து, டீசலில் நனைத்த துணியால் ராடைத் துடைத்தான். எந்த மூடி எந்த ராடுக்கு என்று தெரிய இரண்டிலும் எண் குத்தியிருப்பார்கள். அங்கே '4' இருந்தது. அதற்குப் பக்கத்தில், உளியால் கீறி அழித்த ஒரு '2'. அதற்கும் கீழே ஐந்து சிறு புள்ளிகள். தென்சிலுவை நட்சத்திரக் கூட்டம்போல நாலு, ஓரத்தில் ஒரு குட்டிப் புள்ளி.

கித்தியோனே துணியைக் கீழே போட்டான்.

அந்தப் புள்ளிகள் அவன் குத்தியவை. பத்தொன்பது வருடத்துக்கு முன், தானே தீட்டிய புதுக் குத்துளியால், ஒரே ஒரு கப்பலின் ஆறு ராடுகளில் மட்டும் குத்தினான். அந்தக் கப்பலின் பெயர் 'ஆந்தி லோமாய்'. அவன் வேலை முடித்துக் கொடுத்த ஆறாம் நாள் கந்தாவு தீவுக்குப் போகும் வழியில், 'எஞ்சின் உடைந்துவிட்டது, ராடு சுவரைப் பிய்த்துக்கொண்டு வந்துவிட்டது' என்று வானொலியில் ஒரு வரி சொல்லிவிட்டு, ஒன்பது பேரோடு கடலுக்கடியில் போனது. ஆழம் அதிகம். ஒரு பலகைகூடக் கிடைக்கவில்லை. கடைசியாக எஞ்சினைத் தொட்டவன் போல்ட்டைச் சரியாக முடுக்கவில்லை என்று விசாரணையில் எழுதினார்கள். அன்று மாலையே அந்தக் குத்துளியை அவன் கடலில் வீசினான்.

செத்த ஒன்பது பேரில் ஒருவன் இனோசி. கித்தியோனேயின் மனைவி மெரேசெய்னியின் தம்பி.

கடலின் அடியில் கிடக்க வேண்டிய ராடு இங்கே மரக்கட்டைமேல் கிடந்தது. விரலால் புள்ளிகளைத் தடவினான். ஒவ்வொன்றும் அவன் கையின் சாய்வு.

"அண்ணே, பேயடிச்ச மாதிரி நிக்கிறீங்க."

"சீஃபைக் கூப்பிடு."

ஃபெசாய்து படியில் தடவித் தடவி இறங்கி வந்தார். கிழவருக்குக் கண் தெரியவில்லை, ஆனால் ராடு கிடக்கும் இடத்துக்கு நேராக வந்து நின்றார்.

"பாத்துட்டியா" என்றார்.

"இது எப்படி மேல வந்துச்சு, சீஃப்?"

"அது கீழேயே போகல, மச்சான்." பக்கத்திலிருந்த பெட்டிமேல் உட்கார்ந்தார். "ரெண்டும் ஒரே முதலாளியோட கப்பல். ஒரே எஞ்சின். நான் அப்ப இதுல மூணாவது எஞ்சினியர். இதோட நாலாம் நம்பர் ராடுல விரிசல். மாநாட்டுக்குப் போக முன்னூறு சர்ச் ஜனம் வார்ஃப்ல காத்துக்கிட்டு நிக்குது. பக்கத்துல ஆந்தி லோமாய், நீ அப்பத்தான் முடிச்சுக் கொடுத்தது. 'ரெண்டாம் நம்பரைக் கழட்டி இதுல போடு, விரிசல் விட்டத அதுல போடு, ஒரு டிரிப்தானே, புதுசு வந்துரும்'னு சூப்பரிண்டெண்ட் சொன்னாரு. நான்தான் போட்டேன். இந்தக் கைதான்."

லைசானி வாயில் கையை வைத்துக்கொண்டாள்.

"விசாரணையில ஏன் சொல்லல?" கித்தியோனேயின் கேள்வியில் கோபம்கூட இல்லை.

"பயம். அப்புறம் வெக்கம். அப்புறம் அந்த சூப்பரிண்டெண்டும் செத்துட்டாரு, யார்கிட்ட சொல்றதுன்னு ஆயிருச்சு." கிழவர் தலை குனிந்தார். "ஆந்தி லோமாய் மூழ்கின முதல் வாரத்துலேயே இது தட்ட ஆரம்பிச்சுச்சு. மத்தவங்க எப்பவாச்சும் கேப்பாங்க. எனக்கு எப்பவும் கேக்கும். கப்பல மாத்திக்கிட்டுப் போலாம்னு மூணு தடவ பெட்டி கட்டினேன். போக முடியல."

கித்தியோனேக்கு அவரை அடிக்கவேண்டும் என்றுதான் முதலில் தோன்றியது. பத்தொன்பது வருடம். யங்கோனா வேர்ச்சாறு குடிக்க ஊரோடு உட்கார்ந்தால் யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. சிரட்டை அவன் முறைக்கு வரும்போது மட்டும் பேச்சு நின்றுபோகும். மெரேசெய்னியும் கேட்டதில்லை. ஒரே கூரைக்குக் கீழே, அந்தக் கேள்வியைச் சுற்றிச் சுற்றி நடந்து இருவருக்கும் வயதாகிவிட்டது.

"என்கிட்ட சொன்னது போதாது, சீஃப். வீட்டுக்கு வாங்க."

சாயங்காலம் லாமியில் அவன் வீட்டுப் பாயில் ஃபெசாய்து மண்டியிட்டார். மன்னிப்புக் கேட்பவர் வழக்கமாகக் கொடுக்கும் திமிங்கிலப் பல்லை வழியில் தெரிந்தவர் வீட்டில் கேட்டு வாங்கியிருந்தார்; அதை இரண்டு கையிலும் ஏந்தி, நடந்ததை முழுக்கச் சொன்னார். மெரேசெய்னி மரவள்ளிக் கிழங்கு சீவிக்கொண்டிருந்த கத்தியைக் கீழே வைக்காமலே கேட்டாள். பல்லைத் தொடவில்லை.

கணவனைப் பார்த்தாள். "நீ முடுக்கினது சரியாத்தான் இருந்துச்சா?"

"சரியா இருந்துச்சு."

"நீ ஏன் என்கிட்ட ஒரு தடவகூட அப்படிச் சொல்லல?"

"எனக்கே தெரியாதே, மெரே."

அவள் அழுதாள். பிறகு எழுந்து, "அதை நான் பாக்கணும்" என்றாள்.

மறுநாள் காலை பட்டறையில் ராடு அதே மரக்கட்டைமேல் இருந்தது. லைசானி சாயம் பூசி விரிசல் தேடி முடித்திருந்தாள், ஒன்றும் இல்லை. வளைவு இல்லை, தேய்மானம் அளவுக்குள். இன்னும் பத்து வருடம் ஓடும் என்றாள். மெரேசெய்னி குனிந்து உள்ளங்கையை அதன் நடுத்தண்டில் வைத்தாள். சட்டென்று எடுத்தாள். மறுபடி வைத்தாள்.

"இன்னைக்கு எஞ்சின் ஓட்டினீங்களா?"

"இல்லையே. நாலு நாளாச்சு."

"சூடா இருக்கு" என்றாள். "காய்ச்சக்காரன் நெத்தி மாதிரி."

கித்தியோனே கையை வைத்துப் பார்த்தான். லைசானியும் வைத்தாள். ஜூலை மழையில் இரும்பு ஜில்லென்றிருந்தது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"புதுசு வாங்கிப் போடச் சொல்லட்டுமா?" என்று கேட்டான்.

"வேண்டாம். இதையே போடு. இத்தன வருஷம் ஆளுங்களக் கொண்டு சேத்திருக்குல்ல." அவள் கை இன்னும் ராடின்மேலேயே இருந்தது. "தனியா விட்டுறாத."

புது ரிங்குகளை மாட்டி, வாய்கள் ஒரே நேர்க்கோட்டில் வராமல் திருப்பி, லைனரில் எண்ணெய் தடவி, பிஸ்டனைக் கூம்பு வளையத்தின் வழியே இறக்கினார்கள். கித்தியோனே உள்ளே படுத்து ராடின் வாயைக் கிராங்கின்மேல் வழிநடத்தி உட்காரவைத்தான். எதிலும் உரசாமல் போய் அமர்ந்தது. மூடியைப் பூட்டி, இரு பக்கமும் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்கினான்.

அந்த வாரமே ஃபெசாய்து துறைமுக அலுவலகத்தில் எழுதிக் கொடுத்தார். பழைய கோப்பில் ஒரு தாள் சேர்ந்தது. தண்டிக்க யாரும் உயிரோடில்லை, அவரைத் தவிர. அவரை என்ன செய்வது என்று அவர்களுக்கும் தெரியவில்லை. திமிங்கிலப் பல்லை மெரேசெய்னி எட்டாம் நாள்தான் கையில் வாங்கினாள்.

தம்பி இனோசி போனதிலிருந்து அவள் கப்பல் ஏறியதே இல்லை. ஆகஸ்டில் தோவுத்தோ கந்தாவுக்குக் கிளம்பியபோது, ஒரு பாயும் ஒரு பொட்டலம் கிழங்குமாக வந்து ஏறினாள். மேல்தளத்தில் நல்ல இடம் பிடித்துக் கொடுத்தான் கூடவே ஏறிய கித்தியோனே. அவள் அங்கே உட்காரவில்லை. எஞ்சின் அறையின் இரும்புக் கூரைக்குப் பக்கத்தில், அதிர்கிற தகட்டின்மேல் பாயை விரித்து, காதை வைத்துப் படுத்துக்கொண்டாள்.

"என்ன கேக்குற?" என்றான்.

"சும்மா இரு" என்றாள். "பேசிக்கிட்டிருக்கான்."