நூற்று அறுபத்தெட்டாம் இழை

அலுவலகத்தில் அவளை எல்லோரும் வண்ணக்காரி என்றுதான் கூப்பிடுவார்கள். கட்டடத்துக்குள் காற்று எப்படி ஓடும் என்று பெரிய கணினி கணக்குப் போட்டுக் கொட்டும் எண்களை வண்ண இழைகளாக வரைந்து காட்டுவது அவள் வேலை. பதினோரு வருடமாக இதே பிழைப்பு. கண் அதற்கே பழகிவிட்டது. வெந்நீரில் ஆவி பறந்தால்கூட மனதுக்குள் நீலமும் சிவப்பும் பூசிக்கொண்டு நின்றுவிடுவாள்.

“அடுப்ப அணைச்சுட்டுக் கனவு காணேன்,” என்பார் கணவர்.

அந்த வாரம் வந்தது ஒரு மருத்துவமனையின் புது அறை. மூச்சுத் திணறும் பச்சிளங்குழந்தைகளுக்காக எட்டுத் தொட்டில்கள். காற்றோட்டம் சரி என்று படம் போனால் திங்கட்கிழமை திறந்துவிடுவார்கள். படமோ வந்தபாடில்லை. இழைகளை வரையச் சொன்னால் பாதியிலேயே மென்பொருள் பொத்தென்று விழுந்து, திரை வெறிச்சோடிவிடும். வேறு கணினியில் போட்டாள், பழைய பதிப்பை ஏற்றினாள். எல்லாவற்றிலும் அதே கூத்து.

“கணக்குல எங்கயோ ஒரு கெட்ட புள்ளி இருக்கு. அதத் தூக்கிட்டு அனுப்பிடும்மா, உயிர வாங்குறாங்க,” என்றார் மேலாளர்.

எது என்றாவது பார்ப்போமே என்று இருநூறு இழைகளையும் ஒவ்வொன்றாக விடத் தொடங்கினாள். நீல இழைகள் தொட்டில்களைச் சுற்றி மெல்ல மிதந்தன. அவளும் கூடவே மிதந்தாள். பக்கத்து மேசைப் பேச்சு எங்கோ தண்ணீருக்கு அடியில் கேட்டது. சாப்பாட்டு நேரம் போனதே தெரியவில்லை. நூற்று அறுபத்தெட்டாவது இழையை விட்டாள். பொத்.

அந்த இழை கிளம்பும் இடத்தில் காற்றின் வேகம் சுழியம். அடுத்த அடிக்கு எவ்வளவு நேரம் என்று தூரத்தைச் சுழியத்தால் வகுக்கப்போய் மென்பொருள் மூர்ச்சையாகியிருக்கிறது. இதைக்கூடத் தடுத்து வைக்காமல் மென்பொருளை எழுதிய மகானுபாவனை மனதாரத் திட்டினாள். புள்ளியை அழிக்க விரலை வைத்தவள், இடத்தை அறையின் வரைபடத்தில் தேடினாள். தூணுக்குப் பின்னால், ஏழாவது தொட்டில். குழந்தையின் முகம் இருக்கும் உயரம். சுற்றிலும் ஒரு முழத்துக்கு ஏறக்குறைய அதே கதைதான். மேலாளரைக் கூப்பிட்டாள்.

“சார், அது கெட்ட புள்ளி இல்ல. அங்க காத்தே போகல.”

மேலாளர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

வேகமில்லாத இடத்தில் இழையை நிறுத்திவிடும்படி மென்பொருளைத் திருத்தி, புள்ளியை அழிக்காமலே படத்தை அனுப்பினாள். மாலையில் மருத்துவமனைப் பொறியாளர் தொலைபேசியில் வந்தார்.

“ஏழாவது தொட்டில்கிட்ட ஒண்ணுமே வரையலையே, மறந்துட்டீங்களா?”

“மறக்கல சார்,” என்றாள். “அங்க வரையறதுக்கு ஒண்ணும் இல்ல. தொட்டில எடுத்துருங்க.”